லித்தியமும் காவடி விரதமும்: வீடே ஒரு பக்கம் நின்றால்

ஜனவரி 4 | சாட்ஸ்வொர்த் வாசகர் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பைபோலாருக்கு (மனநிலை மிகையாக ஏறியும் இறங்கியும் போகும் நோய்) லித்தியம் சாப்பிடுபவர் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கலாமா? வயது 29, மாத்திரை தொடங்கி 3 வருடம். மாத்திரையோடு எடுத்தால் விரதம் சுத்தமாகாது, நிறுத்திவிட்டு எடு, முருகன் பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒருவர்கூட மாற்றிப் பேசவில்லை. அத்தனை பேருமா தப்பாக இருப்பார்கள்?

ஜனவரி 4, இரவு | வெண்கடுகு

இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். விரதம் இருக்கலாமா என்பது மருத்துவரிடம் உட்கார்ந்து திட்டம் போட வேண்டியது. மாத்திரையை நிறுத்தலாமா என்பதில் பேசவே ஒன்றுமில்லை. கூடாது.

லித்தியத்தைத் திடீரென்று விட்டால் சில வாரங்களுக்குள் மேனியா, அதாவது மனநிலை மிகையாக ஏறும் கட்டம், திரும்பும் ஆபத்து உண்டு. மருத்துவரே நிறுத்த முடிவெடுத்தாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் இறக்குவார். பத்து நாள் விட்டுவிட்டுப் பதினோராம் நாள் பழைய அளவை எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் போடும் கணக்கு இந்த மருந்துக்குச் செல்லாது.

"அத்தனை பேருமா" என்ற கேள்விக்குத் தனியாக எழுத வேண்டும். நாளைக்கோ மறுநாளோ.

ஜனவரி 5 | மருந்துச்சீட்டு

விரதத்தில் லித்தியத்துக்கு என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோறு குறைவதால் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் தண்ணீரிலும் உப்பிலும் இருக்கிறது. உடம்பில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் தேக்கும், கூடவே லித்தியத்தையும் தேக்கும். மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் அளவு ஏறிவிடும். டர்பனில் தைப்பூசம் வருவது கோடைப் புழுக்கத்தில். வெறுங்காலோடு, வெயிலில், தோளில் சுமையோடு சில மணி நேரம் நடந்தால் எவ்வளவு வியர்வை போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால்:

உப்பில்லா விரதம் வேண்டாம். சைவச் சாப்பாடு இருக்கட்டும், உப்பு வழக்கமான அளவில் இருக்கட்டும். திடீரென்று கூட்டவும் கூடாது. கூட்டினால் லித்தியம் வெளியேறி அளவு விழும்.

தண்ணீர் நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஊர்வல நாளில் அதற்கு மேல்.

விரதத்துக்காக டீ, காப்பியை ஒரேயடியாக விடுபவர்கள் உண்டு. காபீன் நின்றாலும் லித்தியம் ஏறும். விடுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பிருந்தே மெதுவாகக் குறைத்து, அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டியது கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து. இரவு 8 மணிக்கு மாத்திரை என்றால் காலை 8 மணிக்கு ரத்தம், அதற்குப் பிறகுதான் காலை மாத்திரை. மாத்திரை போட்டுவிட்டு வரிசையில் நின்றால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். விரதத்துக்கு முன் ஒரு முறை, தொடங்கி 5–7 நாளில் இன்னொரு முறை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சீட்டிலேயே கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கு) தைராய்டும் சேர்ந்திருக்கட்டும்.

ஜனவரி 5 | இரவுப்பணி

வலி மாத்திரையை விட்டுவிட்டீர்களே. அலகு குத்தி, சுமை தூக்கி, மறுநாள் உடம்பு வலிக்கும்போது நம்மவர்கள் கை முதலில் போவது மைப்ரோடாலுக்கு. அதில் ஐபுபுரோஃபென் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. புரூஃபென், வோல்டரென் எல்லாம் அதே இனம். இவை லித்தியத்தை ஏற்றிவிடும். பனாடோ (பாரசிட்டமால்) போதும்.

ஜனவரி 6 | மருந்துச்சீட்டு

ஆமாம். ரத்தக்கொதிப்பு மாத்திரையில் எனலாப்ரில் வகையும், ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மாத்திரையும் அதே பட்டியலில் வரும். மாமாவின் டப்பாவிலிருந்து கடன் வாங்கிப் போடும் பழக்கம் எந்த வீட்டில் இல்லை?

மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், சிட்டலோபிராம் எடுப்பவர்களும் கவனிக்கவும். அவற்றோடு புரூஃபெனோ ஆஸ்பிரினோ சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

வயிற்றுப் பொருமலுக்கு ஈனோ குடிப்பதும் கணக்கில் வரும். அதில் இருப்பது சோடியம். தினமும் குடித்தால் லித்தியம் இறங்கும்.

ஜனவரி 6 | பினாங் ரோடு

லித்தியம் அளவு 0.8–1.2 இருக்க வேண்டும் என்று படித்த நினைவு. 0.7 வந்தால் மருந்து போதவில்லை என்றுதானே அர்த்தம்?

ஜனவரி 6 | மருந்துச்சீட்டு

இல்லை. அந்த உயர்ந்த அளவு மேனியா கொழுந்துவிட்டு இருக்கும்போது நோக்குவது. நிலைப்படுத்திய பிறகு பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6–0.8 மில்லிமோல் போதும். 0.7 நல்ல எண். 1.5-ஐத் தாண்டினால் நச்சு. சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, அதற்குக் கீழேயே நச்சுக்குறி வரும். எண்ணைப் பார்த்துக்கொண்டு ஆளைப் பார்க்காமல் விடாதீர்கள். கை லேசாக நடுங்குவது இந்த மருந்தில் சகஜம். டம்ளர் பிடிக்க முடியாத நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறல், இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். குழறலைப் பார்த்து "அருள் வந்திருக்கிறது" என்று சூடம் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஜனவரி 8 | வெண்கடுகு

இப்போது "அத்தனை பேருமா" பற்றி.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனை தெரிந்திருக்கும். ஏழு முதல் ஒன்பது பேர் ஓர் அறையில். ஒரு கோடு காட்டி, அதே நீளமுள்ளது மூன்றில் எது என்று கேட்பார்கள். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஏற்பாட்டு ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்று வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அந்த 12 சுற்றுகளின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டத்தோடு போய்விட்டது. கண்ணெதிரே இருக்கும் கோட்டிலேயே இப்படி என்றால், யாரும் கண்ணால் பார்க்க முடியாத "விரதச் சுத்தி"யில் எப்படி இருக்கும்?

எல்லோரும் ஒன்றாகச் சொல்வது எல்லோரும் தனித்தனியே யோசித்து அங்கே வந்து சேர்ந்ததற்கு அடையாளம் ஆகாது. முதலில் பேசியவர் யார், அவர் பேசியபோது யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்.

ஜனவரி 8 | பினாங் ரோடு

ஆக மனிதர்கள் செம்மறியாடு.

ஜனவரி 8 | வெண்கடுகு

அந்தச் சோதனையை எல்லோரும் இப்படித்தான் தலைகீழாகச் சொல்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு விடை சரியாகத்தான் வந்தது. நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளையவில்லை. நமக்குப் பயன்படும் பகுதி அதற்குப் பிறகு வருகிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், வளைவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக விழுந்தது. அந்த ஒருவர் பெரிய அறிவாளியாக இருக்கத் தேவையில்லை, தனியாக இல்லை என்று காட்டினால் சரி. விடையை உரக்கச் சொல்லாமல் காகிதத்தில் எழுதச் சொன்னபோதும் வளைவது வெகுவாகக் குறைந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் சொல்வதில்லை. துணையாக இருந்தவர் பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால், தனித்துப் போனவர் மறுபடி வளையத் தொடங்கிவிடுகிறார். அவர் கட்சி மாறாமல் வேலையாக வெளியே போய்விட்டால் அந்த அளவு சேதம் இல்லை. ஆகவே வீட்டுப் பேச்சுக்கு ஒரு கூட்டாளியைத் தேடும்போது, "ஆமாம் ஆமாம்" என்று உங்களிடம் தலையாட்டிவிட்டுப் பெரியம்மா முகத்தைப் பார்த்ததும் மாறுகிறவரைக் கூட்டிப் போகாதீர்கள். அவர் வராமலிருப்பதே நல்லது.

ஜனவரி 9 | இரவுப்பணி

சரி, நடைமுறையில் என்ன செய்வது? சாட்ஸ்வொர்த் வாசகர் சோதனை எழுதவில்லை, வீட்டில் சண்டையில் இருக்கிறார்.

ஜனவரி 9, இரவு | வெண்கடுகு

வீட்டில் அழுத்தம் இரண்டு வகையில் வரும். 1955-இல் டாய்ச், ஜெரார்ட் இருவரும் பிரித்துக் காட்டியது. "இத்தனை பேருக்குத் தெரியாததா" என்பது ஒன்று. அங்கே கூட்டம் தகவலாக நிற்கிறது. "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்பது இன்னொன்று. முதலாவதை நல்ல தகவலால் கலைக்கலாம். இரண்டாவதிடம் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டினால் ஒன்றும் நடக்காது. அங்கே முகம் கெடாமல் இறங்கி வர ஒரு படி வைக்க வேண்டும்.

வாட்ஸப் குழுவில் வாதிடவே வேண்டாம். அங்கே ஒருவர் எழுதினால் பத்துக் கைகூப்பு விழும், அடுத்தவர் அந்தப் பத்தையும் பத்து ஓட்டாக எண்ணுவார். தனித்தனியாகப் போன் போடுங்கள். கேட்க வேண்டியது: "மற்றவர்களை விடுங்க அத்தை, உங்களுக்கு மனசுல என்ன படுது?" ஒவ்வொருவர் உள்ளேயும் சந்தேகம் இருந்து, மற்றவர்கள் எல்லோரும் உறுதியாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பி வாயை மூடிக்கொள்ளும் நிலையைக் காட்ஸும் ஆல்போர்ட்டும் 1931-லேயே எழுதினார்கள். பிரின்ஸ்டன் மாணவர்களின் குடிப்பழக்கத்தை வைத்து 1993-இல் வந்த ஆய்விலும் இதேதான் தெரிந்தது. தனக்குக் குடியில் இருக்கும் சங்கடம் மற்றவர்களுக்கு இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரிடம் பேசினால் ஒருவராவது "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்பார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உங்களுக்கு முன்னால் அவர் பேசட்டும்.

அதற்கு முன் கோயில் குருக்களைத் தனியாகப் பாருங்கள். கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "இவர் காவடி எடுக்கலாமா" என்று கேட்டால் "தாராளமா" என்று விடை வந்து முடிந்துவிடும். "டாக்டர் நிறுத்தக் கூடாது என்ற மருந்தை விரதத்தில் சாப்பிட்டால் விரதம் கெடுமா" என்று கேளுங்கள். விரதத்தைக் கெடுக்காத எட்டு என்று பழைய சுலோகம் ஒன்று உண்டு: தண்ணீர், கிழங்கு, பழம், பால், அவிசு (வேள்வியில் இடும் உணவு), அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து. எட்டில் இரண்டு இந்த ஒரு வீட்டுக்கே போதும். அவர் வாயால் அதைச் சொன்னால் பெரியவர்கள் தோற்காமல் மனம் மாற முடியும்.

ஜனவரி 10 | பினாங் ரோடு

மருத்துவர் காவடியே கூடாது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததே. எதற்கு இவ்வளவு சுற்று?

ஜனவரி 10 | வெண்கடுகு

முடியாது. 29 வயது ஆளிடம் "கூடவே கூடாது" என்றால், பறிபோனதைத் திரும்பப் பிடிக்கத்தான் கை போகும். உளவியலாளர் பிரேம் 1966-இல் எழுதியது இதைத்தான். நேர்த்திக்கடனை மறைத்துச் செய்வார், மாத்திரையையும் மறைத்து நிறுத்துவார், பரிசோதனைக்கும் வரமாட்டார். தேர்வை அவர் கையில் கொடுங்கள். அலகுக் காவடியா, பால்குடமா? முழு விரதமா, ஒருவேளைப் பலகாரமா? விடியற்காலை முதல் வரிசையா, உச்சிவெயிலா? எதைத் தேர்ந்தாலும் மாத்திரை உள்ளே இருக்கும்படி எல்லாத் தேர்வையும் அமைத்துவிடுங்கள்.

ஜனவரி 13 | இரவுப்பணி

தண்ணீர், உப்பு என்றே போகிறது. மேனியாவைக் கிளப்புவதில் எனக்கு அதைவிடப் பயம் தூக்கத்தில்தான். தரையில் படுக்கை, நள்ளிரவு பஜனை, நாலு மணிக்குக் குளியல், பத்து நாள் இப்படி. மொராக்கோவில் 2000-இல் வந்த ஆய்வு, ரமலான் நோன்பில் பைபோலார்காரர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் திரும்பியது என்றது. எடுத்துக்கொண்டவர்கள் 20 பேர்தான். நேரம் தவறியதைத்தான் அதில் சந்தேகப்பட்டார்கள்.

ஜனவரி 13 | மருந்துச்சீட்டு

பாகிஸ்தானில் 2010-இல் வந்தது அதற்கு எதிர்ப்பக்கம். நிலையாக இருந்தவர்களுக்கு நோன்பில் லித்தியம் அளவு ஏறவில்லை, மனநிலையும் கெடவில்லை. மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை விடாமல் எடுத்தவர்கள் அவர்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜனவரி 14 | வெண்கடுகு

தூக்கம் பற்றி இரவுப்பணி சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். எல்லன் ஃபிராங்க் குழுவினர் பைபோலாருக்கு உருவாக்கிய சிகிச்சையில் ஐந்து நேரத்தைத் தினம் குறித்து வைப்பார்கள்: படுக்கையை விட்டு எழுந்தது, முதலில் ஓர் ஆளோடு பேசியது, வேலை தொடங்கியது, இரவுச் சாப்பாடு, படுத்தது. விரதத்தில் ஐந்தும் மாறும். மாறட்டும், பத்து நாளும் ஒரே மாதிரி மாறட்டும். நாலு மணிக்கு எழ வேண்டுமென்றால் பத்து நாளும் நாலு மணி, இரவு எட்டரைக்குப் படுக்கை. பஜனைக்குப் போகவில்லை என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஐந்து நாள் முன்பிருந்தே நேரத்தை நகர்த்தத் தொடங்கினால் உடம்பு பழகும்.

இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் 5 மணிக்குக் கீழே போய், காலையில் களைப்பே இல்லை என்றால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

ஜனவரி 15 | பினாங் ரோடு

சாமி வருவதையும் மேனியாவையும் எப்படிப் பிரிப்பது? எங்கள் தெருவில் இதில் தினமும் பட்டிமன்றம்.

ஜனவரி 15 | இரவுப்பணி

இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். அருள் உடுக்கைக்கும் பம்பைக்கும் வரும், விபூதி பூசினால் மலையேறும், சில மணி நேரத்தில் முடியும். பிறகு ஆள் துவண்டு தூங்குவார், பலருக்கு நடந்தது பாதி நினைவிருக்காது. மேனியா கோயிலில் தொடங்கினாலும் கோயிலோடு நிற்காது. வீட்டுக்கு வந்தும் பேச்சு ஓயாது. காரை விற்கப் போகிறேன், ஊருக்கெல்லாம் அன்னதானம் என்று கடன் அட்டையைத் தேய்ப்பார், மூன்று மணி நேரத் தூக்கம் போதும் என்பார். ஒரு வாரம் இப்படி நீடித்தால் மேனியா. நாலு நாள் லேசாக நீடித்தால் ஹைப்போமேனியா. மருத்துவமனையில் சேர்க்கும் அளவு முற்றிவிட்டால் நாள் கணக்கே வேண்டாம்.

பக்தியைக் குறை சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வரலாம். அதுதான் சிக்கல்.

ஜனவரி 19 | வெண்கடுகு

மேனியா நிலையில் பலர் விடிகாலை 3 மணிக்குக் குடும்பக் குழுவில் இருபது முப்பது செய்தி போடுவார்கள். நாற்பது பேர் பார்த்து நீல டிக் விழுந்திருக்கும், ஒருவரும் அழைத்திருக்க மாட்டார். அவர்களுக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. லத்தானே, டார்லி 1968-இல் அறைக்குள் புகை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்த இரண்டு ஏற்பாட்டு ஆட்களோடு இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள்.

எனவே "யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குழுவில் போட்டால் பயனில்லை. இரண்டு பேர் பெயரை இப்போதே முடிவு செய்யுங்கள். முதல் ஆள் அழைப்பார். 15 நிமிடத்தில் எடுக்கவில்லை என்றால் இரண்டாம் ஆள் வீட்டுக்குப் போவார். நோயாளி நன்றாக இருக்கும்போதே அவரே அந்த இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜனவரி 20 | சாட்ஸ்வொர்த் வாசகர்

குருக்களைப் பார்த்தாயிற்று. மருந்து கெடுக்காது என்றார். பெரியம்மா இப்போது "நான் எப்பவும் அப்படித்தானே சொன்னேன்" என்கிறார்.

ஜனவரி 20 | வெண்கடுகு

நல்லது. அவரைத் திருத்தாதீர்கள். அவர் சொன்னதாகவே இருக்கட்டும்.

ஜனவரி 22 | இரவுப்பணி

நிலைமை கைமீறினால் என்ன வழி என்றும் இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவில் 2002-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 17-இன்படி, ஆள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் துணைவரோ நெருங்கிய உறவினரோ அவருடைய சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் எம்எச்சிஏ 04. விண்ணப்பிப்பவர் கடந்த 7 நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டேன் என்றால் செல்லாது. இரண்டு மனநலப் பணியாளர்கள் தனித்தனியே பரிசோதிப்பார்கள். பிறகு 72 மணி நேரக் கண்காணிப்பு. அதற்கு மேலும் தேவை என்றால்தான் மனநல மருத்துவமனை, மறுஆய்வு வாரியம் எல்லாம். நேரே பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன்ஹில் மனநல மருத்துவமனைக்கு வண்டி பிடித்துப் போகாதீர்கள். முதலில் 72 மணி நேரக் கண்காணிப்பு வசதியுள்ள அருகிலுள்ள பொது மருத்துவமனை. எது என்று நல்ல நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்யும் நிலை என்றால் போலீஸை அழைக்கலாம், 40-ஆம் பிரிவு அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது.

உயிரை விடும் பேச்சு வந்தால் சாடாக் மனநல அமைப்பின் உதவி எண் 0800 567 567, 24 மணி நேரமும்.

ஜனவரி 23 | மருந்துச்சீட்டு

பணம் பற்றி ஒரு வரி. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள் பைபோலாரைத் தீராநோய்ப் பட்டியலில் பதிவு செய்துவிடுங்கள். மருந்தும் மருத்துவரும் கட்டாய நன்மைக்குள் வரும், சேமிப்புக் கணக்கைத் தொடாது. வெறும் மனச்சோர்வு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பெரும் மனச்சோர்வுக்கு வருடத்தில் 3 வாரம் வரை உள்நோயாளிச் சிகிச்சை, அல்லது 15 அமர்வு வரை வெளிநோயாளி உளச்சிகிச்சை தர வேண்டும். "உங்கள் திட்டத்தில் இல்லை" என்று முதல் ஆள் சொல்வார். எழுத்தில் கேளுங்கள்.

பிப்ரவரி 6 | வெண்கடுகு

திருவிழா முடிந்த வாரத்தில் எதிர்ப்பக்கம் வரும். ஆள் சுருண்டு படுப்பார். வீட்டில் உடனே "காவடி எடுத்தும் உனக்கு நல்லபுத்தி வரலையே" என்பார்கள். இது வெறும் பேச்சு இல்லை. வான், லெஃப் இருவரும் 1976-இல் லண்டன் குடும்பங்களில் பார்த்தபடி, ஸ்கிட்சோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளியின் வீட்டில் ஒரு நேர்காணலில் ஆறு குறைகூறல் வந்தால் மறுதாக்குதலோடு தொடர்பு தெரிந்தது. மனச்சோர்வுக்காரர் வீட்டில் இரண்டே போதுமாக இருந்தது. குறை சொல்லாத மௌன வீடு வேண்டும் என்பதில்லை. "நீ சோம்பேறி" என்பதை "பத்து மணிக்கு என்னோடு கடைக்கு வா" என்று மாற்றுங்கள். ஆளைப் பற்றிய தீர்ப்பு வேண்டாம், நேரமும் வேலையும் உள்ள ஒரு சின்ன அழைப்பு. வரவில்லை என்றால் நாளைக்கும் அதே பத்து மணி. இரண்டு வாரம் நாள் முழுக்கச் சோர்வும் விருப்பமின்மையும் நீடித்தால் மருத்துவர். முக்கியமாக, வீட்டில் மீதி இருக்கும் மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பைபோலாரில் அது தனியாகப் போனால் மேனியாவுக்குத் தள்ளிவிடக்கூடும்.

பிப்ரவரி 9 | பினாங் ரோடு

லித்தியம் இல்லாமல் லாமோட்ரிஜின் என்ற வேறு பைபோலார் மருந்து எடுக்கும் ஒருவர் விரதத்தில் ஏழு நாள் விட்டுவிட்டார். இனிப் பழைய 200 மி.கி.யிலேயே தொடங்கலாமா என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 9 | மருந்துச்சீட்டு

கூடாது. நேற்று எடுத்திருந்தாலும் இன்று நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். சுமார் ஐந்து நாளுக்கு மேல் விட்டால் உடம்பிலிருந்து மருந்து வெளியேறிவிடும். முழு அளவில் தொடங்கினால் கடுமையான தோல் தடிப்பு வரும் ஆபத்து. மறுபடி முதலிலிருந்துதான்: தினம் 25 மி.கி. இரண்டு வாரம், 50 மி.கி. இரண்டு வாரம், பிறகு மெதுவாக மேலே. கூடவே எபிலிம் (வால்ப்ரோயேட்) எடுப்பவர் என்றால் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 மி.கி. தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. வீட்டில் இருக்கும் 200 மி.கி. மாத்திரையை எட்டாக உடைக்கப் பார்க்க வேண்டாம். 25 மி.கி. தனி மாத்திரையாகவே கிடைக்கும், புதுச் சீட்டு வாங்கி வரட்டும்.